தயிர் சாப்பிடாத குளிர்காலம்

மெல்பேர்னுக்குக் கிழக்கே மலையடியில் இருக்கும் த பேசின் என்ற ஊருக்கு இப்போது எங்கள் ஆட்கள் பிள்ளையாரைக் கும்பிடத்தான் போகிறார்கள். சதுர்த்தி நாளில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல், ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு மலையடிவாரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். நானும் போவேன். அர்ச்சனை முடிந்ததும் மற்றவர்கள் பிரசாத வரிசைக்கு விரைய, நான் வெளியே வந்து மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்த மனுசிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும். நான் தேடுவது மலையிலிருந்து இறங்கும் ஓடையை. எழுபதுகளில் அந்த ஓடைக்கரையில் ஒரு ஜப்பானியக் குடும்பம் அரிசியிலிருந்து சாக்கே என்ற மதுவைச் செய்தது. அவர்களுக்கு அரிசி கழுவிக் கொடுத்தவள் நான்.

கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையால் நடக்கக்கூட விடாமல் வளர்க்கப்பட்டவள் நான். மெல்பேர்னில் அரிசி ஆலையில் வேலை என்று அம்மாவுக்கு அறிவித்தேன். அது பொய்யுமில்லை. அரிசி கடைசியில் என்னவாகிறது என்று அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் கணவரை இனி ‘இவர்’ என்றே எழுதுகிறேன். இத்தனை வருடமாக அப்படிச் சொல்லித்தான் பழக்கம். இவர் நகரத்தில் தண்ணீர்க் குழாய் வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் எஞ்சினியர். மரங்கள் பிடிக்கும் என்று சொல்லி என்னை இந்த மலையடிக்குக் கொண்டுவந்து குடிவைத்தார். அவருக்கு மரங்கள் பிடித்தன. எனக்குக் குளிரில் தடிமன் பிடித்தது. தமிழ்ச் சத்தம் கேட்பதென்றால் சனிக்கிழமை யாராவது காரெடுத்து வரவேண்டும். மற்ற நாட்களில் வீட்டு வளவில் ஒரு எலுமிச்சை மரம்தான் துணை. சமைக்கும் போதெல்லாம் அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுபோய் அதற்கு ஊற்றுவேன்.

ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்து வீட்டில் என் வயதுள்ள ஒரு ஜப்பானியப் பெண் இருந்தாள். நான் தண்ணீர் ஊற்றுவதை வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் தன் வீட்டிலிருந்து ஒரு சட்டியோடு வந்து, அதிலிருந்த வெள்ளைத் தண்ணீரைக் காட்டி, தன் பூச்சாடிகளையும் காட்டிச் சிரித்தாள். அவளும் அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்டுவதில்லை. அரிசியை எதுவரை கழுவுவாய் என்று கேட்டாள். தண்ணீர் தெளியும்வரை என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து ஓடைக்கரைக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு வேலை கிடைத்த கதை அவ்வளவுதான்.

முன்பு யாரோ அப்பிள் பெட்டி அடுக்கிய கொட்டகை அது. அவளுடைய கணவரும் அவளும் அதைத் தேய்த்துக் கழுவிப் பெரிய மரத் தொட்டிகள் வைத்திருந்தார்கள். அவருக்கு நான் என் மனதுக்குள் வைத்த பெயர் சாக்கேக்காரர். அதிகம் பேசமாட்டார். எதையும் முதலில் மோந்து பார்ப்பார்: தண்ணீரை, மழையை, என் கையிலிருக்கும் அரிசியை. மெல்பேர்ன் முழுவதையும் விட்டு ஏன் இந்த மூலைக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். மலைதான் முதலாளி, நாங்கள் கூலிக்காரர் என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. குளிர்காலம் வந்தபோது விளங்கியது. பின்னேரமானால் மலையின் குளிர் ஓடைப் பள்ளத்தால் இறங்கிக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொட்டிக்குள் இருப்பது அவசரப்படாமல் மெல்ல மெல்லப் புளிக்கும். தண்ணீரோ பெரணி இனத்துப் பன்ன மரங்களுக்கு நடுவால் வருவது, வாயில் வைத்தால் ஒன்றும் தெரியாது, விழுங்கிய பிறகு ஒரு சின்ன இனிப்பு. அதே தண்ணீரில் அரிசி கழுவும்போது என் விரல்கள் என்னுடையவை அல்ல என்றாகிவிடும். நான் தமிழில் திட்டிக்கொண்டு கழுவுவேன். அது ஏதோ பாட்டு என்று அவள் நினைத்திருந்தாள்.

அவர்கள் இங்கே வந்ததற்கு ஒரு கதை இருந்தது. அவள் அதை அரிசி ஊறும் நேரங்களில் துண்டு துண்டாகச் சொன்னாள். சாக்கேக்காரரின் குடும்பம் ஜப்பானில் பனி மூடும் ஒரு மலைக் கிராமத்தில் பரம்பரையாகச் சாக்கே செய்வது. அந்த மலையின் பெயர்தான் போத்தலில் இருக்கும் பெயரும். தொழில் மூத்தவருக்கு. சாக்கேக்காரர் இளையவர், தகப்பனுடைய சம்மதம் இல்லாமல் புறப்பட்டு வந்தவர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் இறக்கும் முதல் சாக்கேயை வீட்டு மாடத்தில், முன்னோருக்கு முன்னால் வைப்பார்களாம். வேறு வீட்டுச் சாக்கே அந்த மாடத்தில் ஏறியதே இல்லையாம். அந்த வருடம் வசந்தத்தில் தான் வந்து ருசி பார்ப்பதாகத் தகப்பன் அறிவித்திருந்தார். சரியாக இருந்தால் வீட்டின் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து தமையனுக்குக் கீழே வேலை பார்க்கவேண்டும். சாக்கேக்காரருக்கு அந்தப் பெயர்தான் உயிர். வெறும் போத்தலில் விரலால் அதை எழுதி எழுதிப் பார்ப்பார். அவளுக்கோ மாமியாரும் மூத்த மருமகளும் ஆளும் அந்தச் சமையலறைக்கு மூன்றாவது ஆளாகத் திரும்பிப் போக மனமே இல்லை. எனக்கும் அவளை அனுப்ப மனமில்லை. எனக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி அவள்.

முதல் நாளே அவள் எனக்கு ஒரு சட்டம் சொல்லியிருந்தாள். குளிர்காலம் முடியும்வரை தயிர் சாப்பிடக்கூடாது. அவர்களுடைய ஊரிலும் சில புளித்த பண்டங்களை அந்த மாதங்களில் விலக்கி வைப்பார்களாம். கொட்டகையின் ஒரு பக்கத்தில், பலகை அடித்த ஒரு சின்ன அறை இருந்தது. அவித்த அரிசியைத் தட்டுகளில் பரப்பி, பச்சை நிற வித்துத் தூளைத் தூவி, அங்கே வெக்கையில் மூடி வைப்பார்கள். அரிசியில் வெள்ளைப் பூஞ்சணம் பூக்கும். அதற்குப் பெயர் கோஜி. அது இல்லாமல் சாக்கே இல்லை. எங்கள் வீட்டில் பூஞ்சணம் பிடித்த சோற்றைக் கண்டால் மூக்கைப் பொத்துவோம். இவர்கள் அதற்குப் போர்வை போர்த்தி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி பகலில் மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தார்கள். பாலைத் தயிராக்குவது எதுவோ அது கையிலும் உடுப்பிலும் ஒட்டி வந்து அந்த அறைக்குள் நுழைந்துவிட்டால் கோஜி கெட்டுப்போகும் என்றாள். எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. துடக்கு, தீட்டு என்றால் என்னவென்று தெரிந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு இது ஒரு பெரிய விசயமா? குளித்து, தோய்த்த உடுப்பு மாற்றித்தான் அந்த அறைக்குள் போவேன்.

தியாகம் செய்தது இவர்தான். கடைசிப் பிடி சோறு தயிரில்லாமல் இவருக்கு இறங்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரசத்தோடு எழும்பிப் போவார். ஆனால் சொன்னதைக் கேட்டார். கேட்டதை எப்படி விளங்கிக்கொண்டார் என்பதில்தான் வினை இருந்தது.

இவருக்குத் தோசைப் பைத்தியம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் உழுந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார். அரைத்து வைத்தால் மா அசையாது. ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார், கம்பளியால் சுற்றினார், ஓடி வந்து நின்ற காரின் பொனெற்றுக்குள்ளும் வைத்துப் பார்த்தார். மா கல்லுப் பிள்ளையார் போல இருந்தது. இதற்கிடையில் சனிக்கிழமை தோசை சாப்பிட வாருங்கள் என்று மெல்பேர்னில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் சொல்லிவிட்டார். ஒரு எஞ்சினியரின் மானம் போகப்போகிற நிலை. எங்கே வெக்கை இருக்கிறது என்று யோசித்தார். அவருக்குத் தெரியாததா? சித்திரை மாதத்து யாழ்ப்பாணம் மாதிரி ஒரு அறை முன்வீட்டுக்காரரின் கொட்டகையில் இருந்தது. அதற்கு வெப்பமானி பூட்டிக் கொடுத்தவரே இவர்தான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிப்போக வந்தவர், நான் ஓடையில் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, தோசை மாச் சட்டியை அந்த அறையின் மேல்தட்டில் வைத்து மூடிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நின்றார். காலையில் எல்லோரையும் அசத்தலாம் என்று எண்ணமாம்.

மறுநாள் காலை அறைக் கதவைத் திறந்த சாக்கேக்காரர் சத்தம் போடவில்லை. மனைவியின் பெயரைச் சொல்லி ஒரு தடவைதான் கூப்பிட்டார். நானும் ஓடினேன். வாசலிலேயே எனக்கு மணம் அடித்தது. நன்றாகப் பொங்கிப் புளித்த தோசை மாவின் மணம். கடல் கடந்து வந்த பிறகு நான் அதை மோந்ததே இல்லை. உண்மையைச் சொன்னால், என் மனதில் முதலில் வந்தது சந்தோசம்தான். அதற்குப் பிறகுதான் தட்டுகளைப் பார்த்தேன். சட்டி பொங்கி வழிந்து, மூடியைத் தள்ளிவிட்டு, கீழே இருந்த தட்டுகள் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது.

இவர் எங்கள் வீட்டு முற்றத்தில் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேருங்கோ, அந்த அறைக்குள்ள சட்டி வைச்சது நீங்களோ?”

“ஓம். பொங்கிட்டுதோ?” என்றார், அவ்வளவு ஆவலாக.

“தயிர் கூடாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“தயிர் கூடாதெண்டுதானே சொன்னனீர். தோசை மா தயிரில்லையே.”

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவருடைய பட்டத்தையும் பல்கலைக்கழகத்தையும் சேர்த்தே சொன்னேன். தட்டுகளில் இருந்தது என்னவென்றும், அது போனால் யாருடைய வாழ்க்கை போகும் என்றும் சொன்ன பிறகுதான் அவருடைய முகம் மாறியது. கையிலிருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். அப்போது எனக்கே பாவமாக இருந்தது.

சாக்கேக்காரர் சட்டிக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். எதில் செய்தது, எவ்வளவு நேரம் வைத்தது என்று இவரிடம் கேட்டார். நல்ல பலமான சாமான் என்று மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் இருந்த குழியில் கொட்டத் தொடங்கினார். வழிந்தது, வழியாதது என்று பார்க்கவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த அறையை உச்சி முதல் அடி வரை கொதிதண்ணீரால் தேய்க்கவேண்டும் என்றாள் அவள். நாங்கள் நால்வரும் தேய்த்தோம். மத்தியானம் தோசைக்கு வந்தவர்கள் எங்கள் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துக் கொட்டகைக்கு வந்தார்கள். விசயத்தைக் கேட்டதும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள் தூரிகையை வாங்கினார்கள். ஆண்கள் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டுத் தட்டுகளைச் சுமந்தார்கள். போகிற வருகிற நேரமெல்லாம் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவர் குனிந்த தலை நிமிராமல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. அவள் சட்டியில் எஞ்சிய மாவைக் காட்டி, இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கோஜி ஒன்றும் மிச்சமில்லை, அதனால் இன்றைக்கு ஒரு நாள் சட்டமும் இல்லை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அரிசி அவிக்கும் அடுப்பின் மேல் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டு நான் தோசை சுட்டேன். அப்படிப் பூத்து வந்த தோசையை அதற்கு முன்னும் பின்னும் இந்த நாட்டில் நான் சுட்டதில்லை. சாக்கேக்காரர் சம்பலின் உறைப்புக்குக் கண்ணீர் விட்டபடி நிறையச் சாப்பிட்டார். சம்பலுக்கு மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் இவர் ஒரு தோசைகூடத் தொடவில்லை.

வித்துத் தூள் ஜப்பானிலிருந்து தமையன் வருடத்துக்கு ஒரு சின்ன டின் அனுப்புவார். அதில் மிஞ்சியிருந்தது ஒரு தொட்டிக்குத்தான் காணும். அதைவிடப் பெரிய கவலை, குளிர்காலம் முடிந்துகொண்டிருந்தது. மலையடியில் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. வெயில் ஏறினால் தொட்டி அவசரப்படும், சாக்கே முரடாகிவிடும். அதுவரை இறக்கியதெல்லாம் கை பழகச் செய்தவை, தகப்பன் பார்க்கப்போவது அந்த ஒரு தொட்டியைத்தான்.

அப்போதுதான் இவர் வேலையைத் தொடங்கினார். யாரையும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடையோடு மேலே ஏறுவார். பன்ன மரங்களுக்குள், வெயிலே படாத ஒரு குழியிலிருந்து செப்புக் குழாயை இறக்கிக்கொண்டுவந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். மேலே இருக்கும் குளிர், தண்ணீரோடு கீழே வந்து, தொட்டியைச் சுற்றிவிட்டு மறுபடி ஓடைக்குப் போனது. அட்டை கடித்த கால்களோடு வீட்டுக்கு வருவார். அவர் விசிலடிக்கும் பாட்டை மேலே ஒரு லயர் பறவை பழகிவிட்டதாகவும், தன்னைவிடச் சுருதியோடு அது பாடுவதாகவும் சொன்னார். தயிரை மட்டுமல்ல, மோர் மிளகாய், ஊறுகாய், புளித்த எதையும் வீட்டுக்குள் விடவில்லை. திருந்தின மனுசனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கரைச்சல் என்று அந்த மாதங்களில்தான் கண்டேன். ஆனால் தொட்டியில் காதை வைத்து, உள்ளே குமிழி வெடிக்கும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் ஆசையாக இருக்கும். அதையும் சொல்லவேண்டும்தானே.

பெரியவர் வசந்தத்தில் வந்தார். சின்ன உருவம், பெரிய கோட்டு. மகனுக்குத் தலையசைத்தார், கொட்டகையைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடை எங்கே என்று கேட்டார். மேலே ஏறிப் போய்த் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். யூக்கலிப்டஸ் இலையொன்றைக் கசக்கி மோந்தார். மகன் மோப்பம் பிடிக்கப் பழகியது யாரிடம் என்று தெரிந்தது. செப்புக் குழாயைக் கண்டதும் அதன்மேல் கையை வைத்து, கையை எடுக்காமலே கீழே கொட்டகைவரை நடந்து வந்தார். இது யார் செய்தது என்று கேட்டார். தோசை மாவின் கதையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. பெரியவர் இவரை மேலும் கீழும் பார்த்தார்.

பிறகு சாக்கேயை ஊற்றினார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். சாக்கேக்காரர் கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்தபடி நின்றார். பெரியவர் கண்ணைத் திறந்து, வேலை செய்த எல்லோருக்கும் ஊற்றச் சொன்னார். நாங்கள் இருவரும் குடிக்காதவர்கள் என்று என் சிநேகிதி சொன்னாள். குடிக்காத வாய்க்குத்தான் உண்மை தெரியும் என்றார் பெரியவர். இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். இவர் கசாயம் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். நான் நாக்கு நுனியில் வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. விழுங்கிய பிறகு அந்தச் சின்ன இனிப்பு வந்தது.

“இது எங்கட ஓடைத் தண்ணியெல்லோ,” என்றேன் இவரிடம்.

என்ன சொன்னாய் என்று என் சிநேகிதி கேட்டாள். ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் ஜப்பானிய மொழியில் சொன்னாள். பெரியவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்துப் பேசினார். அவள் அதை எங்களுக்கு மெல்ல மெல்லச் சொன்னாள்.

“நல்ல சாக்கே. ஆனால் எங்கள் பெயரைப் போடாதே. அந்தப் பெயர் எங்கள் மலையினுடையது. இந்தப் பெண் சரியாகச் சொல்லிவிட்டாள். இது இந்த ஓடை.”

சாக்கேக்காரர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தபோது அவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. என் வாயை எதைக் கொண்டு தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தால் இடம் பொருள் பார்க்கமாட்டேன். இந்தப் பெயருக்காக உங்கள் மகன் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா, ஒரு சொல்லில் தூக்கி எறிகிறீர்களே என்று பெரியவரிடம் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினேன். என் சிநேகிதி அதை மொழிபெயர்க்கவில்லை. அவளிடம் இருந்த நல்ல குணங்களில் அதுவும் ஒன்று.

அவர்கள் திரும்பிப் போகவேண்டுமா, இருக்கலாமா என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. மத்தியானச் சாப்பாடு அப்படியே முடிந்தது. என் சிநேகிதி நிரம்பிய கோப்பையிலேயே மறுபடி தேநீர் ஊற்றினாள்.

புறப்படும் நேரம் பெரியவர் ஒரு போத்தல் கேட்டார். பெயர் ஒட்டாத வெறும் போத்தல். கோட்டைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளி மேற்சட்டையையும் கழற்றி, போத்தலை அதில் சுற்றித் தன் கைப்பையில் வைத்தார். தமையனுக்கா என்று மகன் கேட்டார். பெரியவர் இல்லை என்று தலையசைத்து ஏதோ சொன்னார். என் சிநேகிதி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவளுடைய கையை இழுத்து, என்ன, என்ன என்று கேட்டேன்.

“முன்னோர் மாடத்தில் வைக்கவாம்,” என்றாள்.

சாக்கேக்காரர் பையைத் தான் தூக்கிக்கொண்டார். காருக்கு நடந்த அந்தக் கொஞ்சத் தூரமும் அதைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனார். இவர்தான் காரை ஓட்டினார். பெரியவர் முன் இருக்கையில் ஏறி, பையை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கினார்.

“அடுத்த வருடம் வித்துத் தூள் இரண்டு டின் அனுப்பச் சொல்கிறேன்,” என்றார் மகனிடம். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த இவரைக் கடைக்கண்ணால் பார்த்தார். “இவர் இருக்கிறாரே.”